இறக்கையின் மேல்பக்கம்

அத்தியாயம் 6

ஆமோஸ் டில்லரின் கையிலிருந்த காபிக் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தில்தான் லூகா சுவரை நிமிர்ந்து பார்த்தான்.

சுவரில் மாட்டியிருந்த பலகை விமானத்தின், நேற்று மாலை வெள்ளையாக இருந்த இறக்கைகள் இப்போது ஆரஞ்சாக இருந்தன. இது மூன்றாவது முறை. நேற்று மாலை பூட்டிய கொட்டகையின் கதவு காலையிலும் பூட்டியே இருந்தது. சற்று முன்தான் ஆமோஸ் சாவி போட்டுத் திறந்து அவனையும் ஹெட்டியையும் உள்ளே அழைத்து வந்திருந்தார்.

"லைல்..." என்றார் ஆமோஸ். விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அறுபத்தைந்து வயது மனிதர், பெயிண்ட் கறை படிந்த பெரிய கைகள்.

"உக்காருங்க ஆமோஸ்" என்று ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள் ஹெட்டி மக்ரே. அலாஸ்கா முழுவதும் விபத்துகளைத் துருவித் துருவியே தலை நரைத்த துப்பறிவாளர். அதட்டிப் பேச மாட்டாள். அதட்டினால் ஒருவேளை தேவலையே என்று குற்றவாளிகள் நினைக்கும்படி சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாஸ், எனக்கும் ஒரு வாளி கிடைக்குமா?" என்றான் லூகா. டாக்சி ஓட்டி, மீன் பதப்படுத்தி, கடைசியில் ஹெட்டியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். நாற்பது வயதாகியும் பேய் என்றால் நடுக்கம். நடுக்கம் வந்தால் வாய் ஓயாது.

கெட்டில் லேக் என்ற இந்தச் சின்ன ஊரில் விமானத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பது, கல்யாணப் பட்டு எடுப்பதைவிடப் பெரிய வேலை. மேலிருந்து பார்த்தால் விமானம் எப்படித் தெரியுமோ அப்படியே ஒரு பலகையை வெட்டி, கேட்ட நிறத்தை அதில் அடித்துச் சுவரில் மாட்டிவிடுவார் ஆமோஸ். சொந்தக்காரர் வந்து வந்து பார்ப்பார். வெயிலில் பார்ப்பார், மழையில் பார்ப்பார், பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனனைக்கூடக் கூட்டி வந்து காட்டுவார். மனசு ஒப்பிய பிறகுதான் நிஜ விமானத்தில் பெயிண்ட் படும்.

இந்த முறை சொந்தக்காரி நெட்ரா ஹோல்ம். மலைக்குள் தனித்தனியாகக் கிடக்கும் வீடுகளுக்குத் தபாலும் மளிகையும் கொண்டுபோகும் சின்ன விமானம் அவளுடையது. இறக்கையின் மேல்பக்கம் முழு வெள்ளை, உடம்பில் ஒரு பச்சைக் கோடு என்று கேட்டிருந்தாள். கேட்டதிலிருந்து பிடித்தது வினை. பலகையை மாட்டுவதும், விடிந்தால் மேல்பக்கம் ஆரஞ்சாகிவிடுவதுமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஆரஞ்சு இறக்கையோடு டோல்சன் கணவாய்ப் பக்கம் கிளம்பிப்போய்த் திரும்பாத அவள் புருஷன் லைல்தான் வந்து அடிக்கிறான் என்று ஊரே பேசியது. பேய் புகுந்த கொட்டகைக்கு எவன் விமானத்தைக் கொண்டுவருவான்? தொழில் படுத்துவிடும் என்று ஆமோஸே ஹெட்டியை வரவழைத்திருந்தார்.

நெட்ரா உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். பயப்படவில்லை, கோபம்தான் வந்தது.

"எட்டு வருஷமா ஒரு வார்த்தை இல்ல. உயிரோட இருக்கேன், செத்துட்டேன், எவளோடயோ தெக்கால போயிட்டேன்... எதுவுமே இல்ல. இப்ப என் விமானத்துக்குக் கலர் சொல்ல மட்டும் ராத்திரி ராத்திரி வந்துடறானாக்கும்!"

"இந்த ஊர்ல யாருமே மேல வெள்ளை அடிக்கிறதில்லையாமே?" என்றாள் ஹெட்டி.

"அடிக்க மாட்டாங்க. மேல்பக்கம் நமக்கில்ல, நம்மளத் தேடி வர்றவங்களுக்கு. பனியில கிடந்தாலும் கண்ணுல குத்தணும். லைலுக்கு அந்த ஆரஞ்சைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்ததே நான்தான். என்ன பிரயோஜனம்? தேடின ஒருத்தர் கண்ணுலயும் படல. இனிமே எனக்கு வெள்ளை போதும். என்னை யாரும் தேட வேண்டாம்."

சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். லூகாவுக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

ஹெட்டி பழைய இரண்டு பலகைகளையும் எடுத்து மூன்றாவதன் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். "பாத்து சொல்லு லூகா."

லூகா குனிந்தான். "ஓரம் கத்தியால வெட்டின மாதிரி நேரா இருக்கு பாஸ். டேப் ஒட்டி, அடிச்சு, காயவச்சு, டேப்பை உரிச்சிருக்கு. பேய்க்கு இவ்வளவு பொறுமையா?" வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான். "நெட்ரா! உங்க வீட்டுக்காரருக்குப் பொறுமை ஜாஸ்தியா?"

"ஷேவ் பண்றப்பவே பாதியில எழுந்து போயிடுவான்" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

"அப்ப இது அவர் இல்ல. அப்புறம் பாஸ், முதல் ரெண்டு பலகையிலயும் பெயிண்ட்ல பொடிப்பொடியா ஏதோ ஒட்டியிருக்கு. தோல் மாதிரி."

"பால்ல ஆடை கட்டற மாதிரிதான். ரொம்ப நாள் மூடியே கிடந்த டப்பாவுல பெயிண்ட் மேல ஆடை கட்டும். பேய் புது டப்பா வாங்கல, பழசைத் தொறந்திருக்கு."

"ஆனா மூணாவது பலகை வழவழன்னு இருக்கே? கலர்கூடக் கொஞ்சம் பளிச்சுன்னு..."

"அதை இப்போதைக்கு விடு. பசிக்குது, வா" என்று அவன் தோளைத் தட்டினாள் ஹெட்டி. பசி என்று அவள் சொல்லி லூகா கேட்டதே இல்லை.

மேவிஸின் கடையில் சால்மன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தைக் கையில் வாங்கும்போதே ஹெட்டியின் பார்வை கல்லாவுக்குப் பின்னாலிருந்த சுவருக்குப் போய்விட்டது. அங்கே ஆணியடித்து மாட்டியிருந்தது உள்ளங்கை அகலத் தகரத் துண்டு ஒன்று. அதன் நடுவில் ஆரஞ்சுப் பூச்சு.

"அது என்ன மேவிஸ்?"

"லைலோட கலர்." மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். பருத்த உடம்பு, சன்னமான குரல். "தேடப் போனவங்க எல்லார் கையிலயும் இது ஒண்ணு இருந்துச்சு. ஆமோஸ்தான் தகரத்தை வெட்டி, பூசிக் கொடுத்தாரு. கண்ணுக்கு எதிர்ல ஒட்டி வச்சுக்கிட்டு இதே கலரைத் தேடுங்கன்னாரு. எங்க வீட்டுக்காரரும் போனாரு. ராத்திரி கண்ணை மூடினாகூட ஆரஞ்சாவே தெரியுதுன்னு சொல்வாரு, பாவம்."

"கணவாய் முழுக்கப் பாத்தீங்களா?"

"சல்லடை போட்டுப் பாத்தோம். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வேட்டை முகாம். அங்க ஒரு பொண்ணுக்குப் பிரசவம் சிக்கலாயிருச்சு. அவளைத் தூக்கிட்டு வரேன்னுதான் லைல் கிளம்பினான். போய்ச் சேரவே இல்ல. வேற யாரோ வந்து அவளைக் காப்பாத்துனாங்க. கணவாய்ல அவ்வளவு பெரிய ஆரஞ்சு இறக்கை கிடந்தா தெரியாமப் போகுமா? தெரியல. அப்படின்னா ஆளு அங்க இல்ல. முகாம்னு சொல்லிட்டு வேற எங்கயோ திரும்பிட்டான். ஊரு அப்படித்தான் முடிவு பண்ணுச்சு. நெட்ரா முன்னாடி யாரும் சொல்ல மாட்டாங்க. அவ வெளிய போனதும் சொல்லுவாங்க."

"அவன் கிளம்பினப்ப ஊர்ல யாராவது பாத்தீங்களா?"

"நான் பாத்தேன். இந்தக் கூரைக்கு மேலதான் போனான். கையக்கூட ஆட்டினேன்."

"இறக்கை ஆரஞ்சா இருந்துச்சா?"

மேவிஸ் சிரித்துவிட்டாள். "கீழ இருந்து பாத்தா வயிறுதானே தெரியும். வயிறு நீலம். அதை அவன் மாத்தவே இல்ல."

ஹெட்டி சூப்பைத் தொடவில்லை. தகரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் லூகா அதை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். முதல் இரண்டு பலகைகளின் ஆரஞ்சும் இதுவும் அச்சு அசல் ஒன்றே. அந்த மூன்றாவது மட்டும் பொருந்தாது என்று பார்க்காமலே தெரிந்தது.

"பாஸ், ரெண்டு பேயா?"

"ஒரு பேய்தான். அதுவும் சாப்பிடற பேய்" என்றாள் ஹெட்டி.

கொட்டகையில் ஆமோஸ் கவிழ்த்த வாளியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உடைந்த கோப்பைத் துண்டுகளும் அப்படியே கிடந்தன. பின்பக்கம் நெட்ராவின் விமானம், பழைய மங்கல் மஞ்சளோடு, பெயிண்டுக்குக் காத்து நின்றது.

சுவர் நெடுகப் பெயிண்ட் டப்பாக்கள். திறக்காமலே எந்த நிறம் என்று தெரிவதற்காக, ஒவ்வொரு மூடியின் மேலும் அதனதன் நிறத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தார் ஆமோஸ். சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு, கடல் நீலம்.

"லூகா, பொட்டில்லாத மூடி எதுன்னு பாரு. ஒளிச்சு வைக்கிற டப்பாவுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க."

லூகா அலமாரி அலமாரியாகத் துழாவினான். அடுப்புக்குப் பின்னால், பழைய தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பெரிய டப்பாக்கள். இரண்டுக்குமே மூடியில் பொட்டில்லை. ஒன்றைத் தூக்கப்போனவன் "அம்மாடி!" என்று அப்படியே வைத்தான். "முழுசா இருக்கு பாஸ். இதைத் தொறக்கவே இல்ல."

இன்னொன்றை ஹெட்டி நெம்பித் திறந்தாள். கிழிந்த ஆடைக்குக் கீழே கெட்டியான ஆரஞ்சு, விளிம்பிலிருந்து இரண்டு விரல் இறங்கியிருந்தது. தகரத் துண்டைப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஆமோஸ், இது லைலோட இறக்கைக்கு வாங்கின பெயிண்ட். நெட்ரா பொறுக்கின கலர். அப்படித்தானே?"

ஆமோஸ் கோப்பைத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேடப் போனவங்களுக்குக் கொடுத்த தகரத்துக்கும் ரெண்டு பலகைக்கும் போக மிச்சம் அத்தனையும் இங்கயே இருக்கு. டப்பாவுல இருக்கற பெயிண்ட் இறக்கைல எப்படி இருக்கும்?"

லூகாவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப லைலோட இறக்கை ஆரஞ்சே இல்லையா?" என்று கத்திவிட்டான்.

"இந்தப் பலகையில எல்லாம் பெயிண்ட் அடிச்சதும் நீங்கதான்" என்றாள் ஹெட்டி.

ஆமோஸ் தலையை நிமிர்த்தினார். "முதல் ரெண்டு நான்தான், ஒத்துக்கறேன். வெள்ளை இறக்கையோட இன்னொருத்தரை அனுப்ப என்னால முடியல ஹெட்டி. ஆனா மூணாவது நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. அது அவன். 'வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான். வந்துட்டான்."

"மூணாவது நான்" என்றாள் ஹெட்டி.

லூகாவின் வாய் பிளந்தது.

"ஒரு சாவி நீங்களே எனக்குக் கொடுத்திருந்தீங்க, ராத்திரி தொறந்து அடிச்சேன். பெயிண்ட் நேத்து கடையில வாங்கினது. முதல் ரெண்டு தடவை ஊரே அரண்டுச்சு, நீங்க மட்டும் நிதானமா அடுத்த பலகையை வெட்டினீங்க. இன்னைக்கு நெட்ராகூடப் பயப்படல, நீங்க கோப்பையைப் போட்டு உடைச்சீங்க. தான் அடிக்காத ஆரஞ்சைப் பாத்துப் பயப்படறவர் யாரு? மத்ததை அடிச்சவர்தான். என்னை வரவழைச்சதும் நீங்க. தொழில் படுத்துரும்னு வரவழைக்கல. வாயால சொல்ல முடியாததை யாராவது கண்டுபிடிச்சுட்டா தேவலைன்னு வரவழைச்சீங்க. சொல்லுங்க."

கிழவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் லூகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சால்மன் மீன் கூட்டமா ஏறி வந்திட்டிருந்த சமயம். ஊரே ஆத்துல வலை போட்டுட்டிருந்துச்சு. நானும் இறக்கைக்கு அடிப்பூச்சான வெள்ளை பிரைமரை மட்டும் பூசிட்டு வலையைத் தூக்கிட்டு ஓடிட்டேன். நெட்ரா கேட்டா. ஆரஞ்சு அடிச்சாச்சு, காயுதுன்னேன். வந்து அடிச்சுடலாம்னு ஒரு நினைப்பு. அதுக்குள்ள முகாம்லேர்ந்து ரேடியோ. லைல் பெட்ரோல் ஊத்த ஏணில ஏறினப்பதான் மேல்பக்கத்தைப் பாத்தான். கண்டபடி திட்டினான். 'வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன் கிழவா'ன்னுட்டுக் கிளம்பிட்டான்."

"தேடப் போனவங்க கிட்ட ஏன் சொல்லல?"

"விமானம் என்ன கலர்னு கேட்டாங்க. நெட்ரா பக்கத்துல நின்னுட்டிருந்தா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவளே ஆரஞ்சுன்னுட்டா. என்னைத் திரும்பிப் பாத்தா. நான்... தலையாட்டினேன். நாளைக்கு தனியா சொல்லிடலாம்னு நினைச்சேன். மறுநாள் வானம் முழுக்க விமானம். எல்லாரும் ஆரஞ்சைத் தேடறாங்க. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்வேன்? சாம்பிள் கேட்டாங்க, பூசிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் சொல்ற தைரியமே போயிருச்சு."

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. நெட்ரா விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது உள்ளே வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

லூகா சட்டென்று நடுவில் போய் நின்றான். அங்கே ஏராளமான சுத்தியல்கள் இருந்தன.

"தள்ளு" என்றாள் நெட்ரா. லூகா தள்ளினான்.

அவள் கிழவரின் எதிரே நின்றாள். "நான் சொன்னேன் ஆரஞ்சுன்னு. என் வாயாலயே அவனைத் தொலைச்சிருக்கேன். நீ பக்கத்துல நின்னு தலையாட்டியிருக்கே." மூச்சு வாங்கினாள். "அவன் எவளோடயோ போயிட்டான்னு இந்த ஊர் என் முதுகுக்குப் பின்னால பேசுச்சு. அது உனக்கும் தெரியும். வாராவாரம் என்கிட்ட காபி குடிச்சியே ஆமோஸ். நானும் அதையே நம்ப ஆரம்பிச்சிருந்தேன். அது தெரியுமா உனக்கு?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பெரிய கதவைத் தள்ளித் திறக்கப் போய்விட்டாள்.

"நெட்ரா, எங்க?" என்றாள் ஹெட்டி.

"இந்த மாசம்தான் கணவாய்ல பனி குறைச்சல். வெயில் இன்னும் இருக்கு. வரதா இருந்தா ஏறுங்க."

சின்ன விமானம் என்றால் லூகாவுக்குப் பேயைவிடப் பயம். பின்சீட்டில் தபால் மூட்டைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு கண்ணை மூடினான். கண்ணைத் திறந்தபோது கீழே பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அப்புறம் மரங்களும் நின்றுபோய் வெறும் பாறை. சாம்பல் பாறை, வெளிர் பாறை, இடுக்குகளில் அழுக்குப் பனி.

"எல்லாரும் பாத்த இடம் இது" என்றாள் நெட்ரா. இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. "முதல் நாளே பாத்தோம். நானும் பாத்தேன்."

அவர்கள் பார்த்ததும் நிஜம், பார்க்காததும் நிஜம். அத்தனை கண்களும் ஆரஞ்சைத் தேடிக்கொண்டு அந்த வெளிர் பாறைகளின் மேல் வழுக்கிப் போயிருக்கின்றன. லூகா கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு இதையே நினைத்தான். கீழே ஒருத்தன் கிடக்கிறான். தலைக்கு மேலே விமானம் விமானமாக வருகிறது. ஒன்றும் நிற்கவில்லை. உடனே செத்திருப்பான், உடனே செத்திருக்க வேண்டும் என்று லூகா தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டான்.

கணவாயின் இடுப்பில் விமானம் ஒருச்சாய்ந்து திரும்பியது.

"பாஸ்" என்றான் லூகா. "அந்தப் பனிக்குக் கீழ. பாறை எல்லாம் கோணல்மாணலா கிடக்கு. ஒண்ணு மட்டும் நேரா இருக்கு."

நெட்ரா எதுவும் கேட்கவில்லை. இறக்கையைச் சாய்த்து இன்னொரு சுற்று வந்தாள். அடுத்த சுற்றில் தாழ்ந்தாள். நேராகக் கிடந்தது ஒரு இறக்கை. வெயிலும் பனியும் தின்று பாறை நிறத்துக்கே வந்துவிட்ட வெள்ளை. கொஞ்சம் தள்ளி, பனிக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்த்த, கவிழ்ந்த விமானத்தின் வயிற்றில் நீலம், நேற்று அடித்த மாதிரி நீலம். மூக்கு முகாம் இருந்த திசையைப் பார்த்திருந்தது.

"சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கான்" என்றாள் நெட்ரா. அதையே இன்னொரு தடவை சொன்னாள். கன்னத்தைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. இரண்டு கைகளும் விமானத்தைப் பிடித்திருந்தன.

பிறகு ரேடியோவில் மீட்புக் குழுவைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெண்குரல், சின்ன வயசுக் குரல், நிதானமாகக் கேட்டது. "விமானம் என்ன கலர்?"

ஹெட்டி திரும்பி நெட்ராவைப் பார்த்தாள்.

"வெள்ளை" என்றாள் நெட்ரா. "மேல்பக்கம் வெள்ளை. வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க, வெள்ளை."

அவர்கள் திரும்பி இறங்கியபோது ஆமோஸ் ஓடுபாதையின் ஓரத்தில் அதே வாளியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓடிப்போவதற்கு நேரமும் வண்டியும் இருந்தன, போகவில்லை. ரேடியோவில் அவரும் கேட்டிருக்க வேண்டும். நெட்ரா இறங்கி அவரை நோக்கி நடந்தாள். லூகா இந்த முறை நடுவில் போகவில்லை.

அவள் வாளிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேல்பக்கம் ஆரஞ்சு" என்றாள். "லைலோட டப்பாலேர்ந்து. நீங்கதான் அடிக்கணும் ஆமோஸ், இன்னைக்கே. அடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."